களைக்கொத்துக்குத் தப்பிய கீரை



மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து வரப்போரம் பாருங்கள். தரையோடு தரையாகப் படர்ந்து, சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாக ஒரு செடி கிடக்கும். வெயில் ஏறினதும் மஞ்சள் பூ விரியும். சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பருப்புக் கீரைதான். ஊருக்கு ஊர் பேர் மாறும்.

இந்தச் சின்னச் செடிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதை விதைத்து வளர்க்கும் கீரைகளோடு சேர்த்து எழுதியிருக்கிறார். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயரிலும் 'ஒலரேசியா', அதாவது சமையலுக்கு ஆகும் கீரை, என்றுதான் இருக்கிறது. அப்படிப்பட்டதை 1977-ல் வெளிவந்த ஒரு புத்தகம் உலகத்தின் மிகக் கொடிய 18 களைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது!

அமெரிக்காவுக்கு இதை வெள்ளைக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள் என்று வெகுகாலம் நம்பினார்கள். கனடாவில் கிராபோர்டு ஏரி என்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வருஷத்துக்கு ஓர் அடுக்காக, அப்பளம் அடுக்கினாற்போல வண்டல் படிந்திருக்கிறது. எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று எண்ணியே சொல்லிவிடலாம். அதைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். கொலம்பஸ் 1492-ல் கப்பலேறுவதற்கு முன் படிந்த அடுக்கிலேயே இந்தக் கீரையின் விதையும் மகரந்தமும் கிடந்தன. கூடவே மக்காச்சோள மகரந்தமும் இருந்தது. அந்த மண்ணின் பூர்வகுடி உழவர்களின் கொல்லையில் இது முன்னமே இருந்திருக்கிறது. 1975-ல் இது அச்சில் வந்ததும் பழைய கதை கவிழ்ந்தது.

விதையின் ஆயுசையும் கேளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் களை விதைகளை மணலோடு கலந்து, 20 குப்பிகளில் போட்டுப் புதைத்தார். அதில் இதுவும் ஒன்று. பல பத்தாண்டு கழித்து எடுத்த குப்பியிலும் முளைத்தது. அதனால்தான் எத்தனை தரம் கொத்தினாலும் திரும்ப வருகிறது. கொத்தி அங்கேயே போட்டால் ஈரத்தில் தண்டு மறுபடி வேர்விடும்; காய் இருந்தால் விதையும் முற்றும். பூக்கும் முன்னாலேயே பிடுங்கி, நிலத்தைவிட்டு வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அடையாளத்தில்தான் ஜாக்கிரதை வேணும். நானே ஏமாந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலக்கடலைக் கொல்லையில், "பாட்டி, இது சாரணை, பிடுங்கிப் போடுங்க" என்றேன். களை எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து, "சாரணைக்கு எங்க தம்பி மஞ்சப் பூ?" என்றார். பி.எஸ்ஸி. படித்தது அன்றைக்கு உதவவில்லை. சாரணையில் இலை இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. பருப்புக் கீரை இலை கரண்டி மாதிரி, வழவழப்பு. காய் முற்றினால் குங்குமச்சிமிழ் போல மூடி தனியே கழலும், உள்ளே கறுப்பு விதை.

அம்மான் பச்சரிசி வகைகளும் தரையில் படரும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது கீரையில்லை, அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக் கொல்லையில் வளர்க்க, விதையை மணலோடு கலந்து தூவினால் போதும். மேலே மண் மூடாதீர்கள்; வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். தண்டைக் கிள்ளி நட்டாலும் பிடிக்கும். 1986-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, மீனில் கிடைக்கிற ஒமேகா-3 கொழுப்பின் வகை ஒன்று இதில் இருப்பதாக எழுதிற்று. ஆனால் ஆக்சாலிக் அமிலமும் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மாட்டுக்கும் இதையே கட்டுக்கட்டாகப் போடவேண்டாம்.

வறட்சியில் இந்தச் செடி ராத்திரியில் காற்றை வாங்கிப் புளிப்பாகச் சேர்த்துவைத்து, பகலில் செலவழிக்கிறது. ஆகவே காய்ந்த காலத்தில் விடிகாலை பறித்தால் புளிப்புத் தூக்கலாக இருக்கும். பருப்போடு கடைய, சாயங்காலம் பறியுங்கள்.