தேனா, சிரப்பா? ஒரு இருமலின் வரலாறு

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். ராத்திரி பதினோரு மணி. மூணு வயசுக் குழந்தை இருமிக்கிட்டே இருக்கு, தூங்கலை. அலமாரியில ஒரு பாட்டில் சிரப், ஒரு பாட்டில் தேன். எதை எடுப்பீங்க?

இதையே பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற பசியாவரத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. சுத்தித் தண்ணி. தலைமுறை தலைமுறையா அக்கரை போகணும்னா படகு ஏறின மீனவர் ஊர். பெரிய ஆஸ்பத்திரின்னா பொன்னேரி, அதையும் தாண்டினா சென்னை. அப்படிப்பட்ட இடத்துல நடுராத்திரி கையில என்ன இருக்கோ அதுதான் மருந்து. அது நல்லதா இருக்கணும், அவ்வளவுதான்.

சுமந்து வந்த தேன்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு நிலம் கிடக்கு. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. இன்னைக்கு ராக்கெட் தளம். ஆனா 1835-இல் பிரிட்டிஷ் அரசு அந்தத் தீவைக் கையில எடுத்தப்போ அது காடு. சென்னைப் பட்டணத்துக்கு விறகு அங்கிருந்து வந்தது. அந்தக் காட்டுல வாழ்ந்தவங்க யானாதிகள். தேன், புளி, சாயவேர்னு காட்டுல கிடைக்கிறதைச் சேகரிச்சுப் பிழைச்சாங்க. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகள்ல இவங்களைப் பத்தி விரிவாவே எழுதியிருக்கு.

அப்படிச் சேகரிச்ச தேன் வீட்டு வைத்தியத்துல என்ன வேலை செஞ்சது? சித்த மருத்துவத்துல 'அனுபானம்'னு ஒரு சொல் உண்டு. மருந்தோட சேர்த்துக் கொடுக்கிற துணைப்பொருள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகுச் சூரணத்தைத் தேன்ல குழைச்சு நாக்குல தடவுவாங்க. பாட்டி துளசிச் சாறுல ரெண்டு சொட்டுத் தேன் விட்டதும் அதே கணக்குதான். காரமும் கசப்பும்தான் மருந்து. தேன் அதைச் சுமந்துக்கிட்டு வர்ற வண்டி.

இந்த 'வண்டி'யை ஞாபகம் வச்சுக்கோங்க. மிச்சக் கதை முழுக்க அதைப் பத்தினதுதான்.

பாட்டிலுக்குள் வந்த விஷம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியற நேரத்துல இருமல் மருந்து தொழிற்சாலைக்குப் போயிடுச்சு. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமலுக்குன்னு ஒரு மருந்தை விற்க ஆரம்பிச்சது. அதோட பேர் ஹெராயின். ஆமா, அதே ஹெராயின்தான்.

குழந்தைங்க மாத்திரை முழுங்க மாட்டாங்க. அதனால மருந்தைக் கரைச்சு இனிப்பாக் கொடுக்கணும். எதுல கரைக்கிறது? 1937-இல் அமெரிக்காவின் மாசென்கில் நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சது. தொழிற்சாலைகள்ல பயன்படுற ரசாயனம், இனிப்பா இருக்கும், சிறுநீரகத்தை அழிச்சிடும். நூறு பேருக்கு மேல செத்தாங்க. அடுத்த வருஷமே அங்க மருந்துச் சட்டம் கடுமையாச்சு.

ஆனா விஷம் நிக்கலை. 1970களோட தொடக்கத்துல நம்ம எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலயே இதே ரசாயனம் கலந்த மருந்தால பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தாங்க. 2022-இல் காம்பியாவுல கிட்டத்தட்ட 70 குழந்தைகள். அங்க சந்தேகத்துக்கு உள்ளானது இந்தியாவுல தயாரான சிரப்புகள்.

2025 அக்டோபர்ல கதை நம்ம வாசலுக்கே வந்தது. மத்தியப் பிரதேசத்தோட சிந்த்வாரா மாவட்டத்துல இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. பெரும்பாலும் ஐந்து வயசுக்குக் கீழ. அவங்களுக்குக் கொடுத்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல, ஸ்ரேசன் பார்மா தொழிற்சாலையில. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்போ அதுல 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். உரிமம் ரத்தாச்சு, உரிமையாளர் கைதானார். போன உயிர் போனதுதான்.

கவனிச்சீங்களா? இந்த எல்லா இடத்துலயும் கொன்னது மருந்து இல்லை. மருந்தைச் சுமந்த வண்டி.

வண்டியே மருந்தா?

இப்போ திருப்பம். 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துல இயன் பால்ங்கிற குழந்தை மருத்துவரும் அவரோட குழுவும் 105 குழந்தைகளை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. தூங்கறதுக்கு முன்னாடி ஒரு பிரிவுக்குத் தேன், இன்னொண்ணுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் மருந்து, மூணாவதுக்கு ஒண்ணும் இல்லை. வேடிக்கை என்னன்னா, அந்த மருந்துக்கும் தேன் வாசனைதான் சேர்த்திருந்தாங்க. முடிவுல தேன் குடிச்ச குழந்தைகளுக்கு இருமல் குறைஞ்சது, தூக்கம் வந்தது. மருந்தோ, ஒண்ணுமே கொடுக்காததைவிடப் பெருசா எதுவும் செய்யலை.

இதைக் கொஞ்சம் நிதானமாத்தான் எடுத்துக்கணும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கத் தேன் வாரியம். தேனையும் மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டா வித்தியாசம் உறுதியாத் தெரியலை. 2012-இல் இஸ்ரேல்ல 300 குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வுல, ஒப்பீட்டுக்குக் கொடுத்த பேரீச்சைப் பாகு குடிச்சவங்களுக்கும் ஓரளவு சரியாச்சு. ஆனா தேன் குடிச்சவங்களுக்கு இன்னும் நல்லா. சளி இருமல் பெரும்பாலும் தானாவே போயிடும். தேன் அந்த ராத்திரியைக் கொஞ்சம் லேசாக்கும். அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொண்ணு, இந்தச் சோதனைகள் நடந்தது தேனை வச்சு. லேபிள்ல தேன் படம் போட்ட சிரப்பை வச்சு இல்லை.

பாட்டி தவறிய இடம்

அப்போ பாட்டி சொன்னதெல்லாம் சரியா? இல்லை. நம்ம ஊர்ல பிறந்த குழந்தைக்குச் 'சேனை' வைக்கிற வழக்கம் இருக்கு. தாய்ப்பாலுக்கும் முன்னாடி, குடும்பத்துப் பெரியவங்க நாக்குல தேனோ சர்க்கரைத் தண்ணியோ தொட்டு வைப்பாங்க. அவங்க குணம் குழந்தைக்கு வரும்னு நம்பிக்கை. பாசத்துல செய்யறதுதான்.

ஆனா 1976-இல் கலிஃபோர்னியாவுல பச்சிளங்குழந்தைகளைத் தாக்குற பாட்டுலிசம் நோயைக் கண்டுபிடிச்சாங்க. தேன்ல அந்த பாக்டீரியாவோட வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஒரு வயசு ஆகாத குழந்தையோட குடல்ல அது முளைச்சு, நஞ்சு சுரந்து, தசைகளைச் செயலிழக்க வச்சிடும். அதனால ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. சுத்தமான மலைத்தேனா இருந்தாலும் சரி. சேனை வைக்க ஆசைப்படற தாத்தா பாட்டிகிட்ட இதைச் சொல்ல வேண்டியது நம்ம பொறுப்பு.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மூணு வயசுக் குழந்தைன்னா, அரை ஸ்பூன் தேன் கொடுங்க. சிரப் பாட்டிலை மூடி வைங்க. ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சிரப் வேண்டாம், ஐந்து வயசு வரைக்கும் பொதுவாப் பரிந்துரைக்கிறதில்லைன்னு 2025 அக்டோபர்ல மத்திய அரசே சொல்லிடுச்சு.

அப்புறம் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்க. ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. ஒண்ணுல இருந்து ஐந்து வயசுக்குள்ள நிமிஷத்துக்கு 40-க்கு மேல மூச்சு ஓடினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, அது நிமோனியாவா இருக்கலாம். அப்போ தேனும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம். பசியாவரமா இருந்தா விடியற வரைக்கும் காத்திருக்காம கிளம்புங்க. சென்னையா இருந்தாலும் அதேதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.