பென்னிகுவிக் மணிமண்டபம்

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் (1841–1911) நினைவாகத் தமிழ்நாடு அரசு எழுப்பிய பென்னிகுவிக் மணிமண்டபம், தேனி மாவட்டத்தின் ஏலமலை அடிவாரத்தில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் லோயர் கேம்ப்பில், பூங்கா சூழ அமைந்துள்ளது. சான்றோருக்கும் தலைவர்களுக்கும் எடுக்கப்படும் நினைவுக் கட்டடமே மணிமண்டபம் எனப்படுகிறது; புனேயில் பிறந்த ஓர் ஆங்கிலேயருக்கு அச்சிறப்பு வாய்த்ததன் காரணம், மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை அவர் கிழக்கே திருப்பிய வரலாற்றில் உள்ளது.

அவ்வெண்ணம் அவருக்கும் முந்தியது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த முத்து இருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மலைக்கு ஆளனுப்பி வழி தேடினார். பொருள்வசதி இன்மையால் முயற்சி நின்றது. தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டிய பின்னர் திட்டம் மீண்டும் உயிர்பெற்று, 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தமாகி, 1887இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்புடன் சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கியைக் கலந்த சாந்தால் அணை எழும்போதே காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. நோய்க்கு நூற்றுக்கணக்கான தொழிலாளர் பலியாயினர். பென்னிகுவிக்கின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான அணை உரிமைச் சிக்கல் 2011இன் இறுதியில் முற்றியதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட மணிமண்டபத்தை, பென்னிகுவிக்கின் பிறந்தநாளான 2013 ஜனவரி 15இல் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திறந்துவைத்தார். உள்ளே பென்னிகுவிக்கின் வெண்கலச் சிலை உள்ளது. வெளியே, மலைச்சரிவில் மின்நிலையத்துக்கு இறங்கும் பெருங்குழாய்கள் அதே நீரைச் சுமந்து வருகின்றன. இங்கிருந்து பிரியும் 18ஆம் கால்வாய், தேவாரம் வழியே போடிநாயக்கனூர்ப் பகுதிக் கண்மாய்களை நிரப்புகிறது.

பென்னிகுவிக் மீது மக்கள் கொண்ட பற்று கட்டடத்தினும் மூத்தது. அவர் படத்தைப் பூசையறையில் வைத்தும், பிள்ளைகளுக்கு அவர் பெயரிட்டும் வரும் உழவர் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் பல. தேனியை அடுத்த பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கும் வழக்கம் உண்டு. தைப் பொங்கலையொட்டி வரும் பிறந்தநாளில் விவசாயிகள் மணிமண்டபத்துக்குத் திரண்டு வந்து, சிலைக்கு மாலை சூட்டி, வளாகத்திலேயே புதுப்பானையில் பொங்கலிட்டுப் படைக்கின்றனர்.