நாலு மீட்டர் கோடு: ஐ20 இரண்டாகப் பிரிந்த வரலாறு

ஹூண்டாய் ஐ20-இன் இரண்டாம் தலைமுறை 2014இல் வந்தது. ஐரோப்பாவில் விற்ற காரின் நீளம் 4,035 மில்லிமீட்டர், இந்தியாவில் ‘எலீட் ஐ20’ என்ற பெயரில் விற்றதன் நீளம் 3,985. வீல்பேஸ் இரண்டுக்கும் ஒன்றே, 2,570. ஆக, உட்காருபவரின் கால்நீட்ட இடத்தில் யாரும் கைவைக்கவில்லை; முன்னும் பின்னும் பம்பரில்தான் கழித்திருக்கிறார்கள். இந்த ஐந்து சென்டிமீட்டர் கழிவுக்கு வடிவமைப்புக் கூடத்தில் காரணம் தேடிப் பயனில்லை. அது புதுதில்லியின் வரி அட்டவணையில் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை செஞ்சிக் கோட்டைக்கு ஊடாக, தெற்கே ராஜகிரியையும் வடக்கே கிருஷ்ணகிரியையும் விட்டுப் போகிறது. அங்கே சாலையோரம் சற்று நேரம் நின்றால் மூன்று தலைமுறை ஐ20-ஐயும் பார்த்துவிடலாம். விளக்கு, கண்ணாடி, முகப்பு எல்லாம் மாறியிருக்கும். நாலு மீட்டரைத் தாண்டிய ஒன்றுகூட இராது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய், 2004இல் கெட்ஸ் காரை இந்தியாவில் இறக்கியது. கெட்ஸின் நீளம் நாலு மீட்டருக்குள்தான். எஞ்சின் 1341 சிசி. அன்று அதில் பாதகம் ஏதுமில்லை. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் எது? நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் அடங்க வேண்டும். மறு ஆண்டே ‘கெட்ஸ் பிரைம்’ 1086 சிசி எஞ்சினோடும் கிடைத்தது. இதைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

கெட்ஸின் இடத்துக்கு வந்த ஐ20, ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைமில் உள்ள ஹூண்டாயின் வடிவமைப்பு மையத்தில் உருவானது. 2008 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, ஆண்டு முடிவதற்குள் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. கொரியாவில் பிறந்த நிறுவனத்தின் இந்தக் கார் கொரியாவில் விற்கவே இல்லை என்பது ஒரு வேடிக்கை. தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன ஐ20 இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிக் கப்பல் ஏறியதுதான். நீளம் எல்லா ஊருக்கும் 3,940.

ஆனால் பானெட்டைத் திறந்தால் பிளவு அப்போதே தெரியும். ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ‘1.2 லிட்டர்’ என்று கொடுத்த கப்பா எஞ்சினின் கொள்ளளவு 1248 சிசி. அதே குடும்பத்தைச் சேர்ந்த இந்திய எஞ்சின் 1197 சிசி. மூன்று சிசி மிச்சம் வைத்துக் கோட்டுக்குள் நின்றிருக்கிறார்கள். அக்காலத்தில் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவுக்கு 1196, ஒரகடத்தின் நிஸான் மைக்ராவுக்கு 1198. மூன்று கம்பெனிகளின் பொறியாளர்களும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்தால், கேள்வித்தாளை யார் தயாரித்தது என்றுதான் கேட்கத் தோன்றும்.

2010இல் ஐரோப்பாவுக்கான ஐ20 தயாரிப்பு துருக்கியின் இஸ்மித் ஆலையில் தொடங்கியது. துருக்கி 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்கக் கூட்டமைப்பில் இருக்கும் நாடு. அங்கிருந்து போகும் காருக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது, கடல் பயணமும் குறைவு. இந்த இடமாற்றத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே ஆலை இரண்டு சந்தைகளுக்கும் கார் செய்தவரை உடலை இரண்டாக வார்ப்பது வீண் செலவு. 2012இல் முகம் மாற்றியபோதுகூட நீளம் 3,995இல் நின்றது. ஐரோப்பாவும் இந்தியக் கோட்டுக்குள்ளேயே இருந்தது. இஸ்மித் நன்றாக வேரூன்றிய பிறகு வந்த 2014 மாடலில்தான் ஐரோப்பியக் கார் கோட்டைத் தாண்டியது. 2020இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் அதே கணக்கு: அங்கே 4,040, இங்கே 3,995, வீல்பேஸ் இரண்டுக்கும் 2,580.

இதற்கிடையே வரியின் பெயர் மாறியது, கோடு மாறவில்லை. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி அதே நீளத்தையும் அதே சிசியையும் அப்படியே எடுத்துக்கொண்டு, சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன்மேல் ஒரு சதவீதத் தீர்வையும் வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு 18 சதவீதம், கோட்டைத் தாண்டினால் 40. 2006இல் எட்டுப் புள்ளியாக இருந்த சலுகை இன்று 22 புள்ளி இடைவெளி. பம்பரை நீட்டிப்பார்க்க எந்த உற்பத்தியாளருக்கும் துணிவு வராது.

நீளத்தைக் குறைத்ததால் கார் கெட்டுப்போனது என்று நான் சொல்லவரவில்லை. எலீட் ஐ20-தான் 2015க்கான இந்தியாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. செடான்களின் நிலைமைதான் பரிதாபம்: நாலு மீட்டருக்குள் டிக்கியையும் அடக்கப்போய்ப் பின்பக்கம் நறுக்கியதுபோல ஆன வண்டிகள் எத்தனையோ. ஹேட்ச்பேக்குக்கு அந்த அவமானம் இல்லை.

இந்திய ஐ20 இந்தியாவோடு நிற்பதுமில்லை. தென்னாப்பிரிக்காவுக்குப் போவது தமிழ்நாட்டில் தயாராகும் இந்தக் குட்டை பம்பர் கார்தான். அந்நாட்டில் நாலு மீட்டர் வரிக்கோடு எதுவும் கிடையாது. ஆனாலும் ஜோகன்னஸ்பர்க்கில் ஐ20 வாங்குபவருக்குக் கிடைப்பது தில்லி அளந்து கொடுத்த நீளம்.