ஜவ்வாது மலையில் சர்க்கரை, இரத்த அழுத்த மருத்துவம்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். சாமை விளையும் இந்த மலைக்கு ஜமுனாமரத்தூர் முக்கிய ஊர். வாழ்நாள் முழுதும் மாத்திரை தேவைப்படும் நோய்களின் சிகிச்சைக்கு இங்கே தூரமே பெரிய தடை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் அருமை இத்தகைய ஊர்களில்தான் முழுமையாகப் புரியும். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

இந்த நோய்களின் அடையாளங்கள் எண்களே: இரத்த அழுத்தம் 140/90, வெறும்வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம். இவற்றை எட்டினால் மறுபரிசோதனை தேவை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். சோகை மிகுந்த இடங்களில் இதை மறக்கக் கூடாது. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் முக்கியம்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கை எல்லை.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரை உற்பத்தி செய்வதைக் குறைக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அட்டோர்வாஸ்டாடின் கெட்ட கொழுப்பைக் குறைத்து மாரடைப்பு அபாயத்தைத் தணிக்கிறது.

சர்க்கரை, இரத்த அழுத்த அளவு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டே முடிவெடுங்கள்.