கதை கேட்ட மருத்துவர்

கதை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு திண்ணையும், அதில் அமர்ந்த பாட்டியும், அவரைச் சூழ்ந்த பேரக்குழந்தைகளும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. சொல்பவர் மூத்தவர், கேட்பவர் இளையவர். பள்ளிக்கூடத்திலும் இவ்வரிசை மாறுவதில்லை. ஆசிரியர் நீதிக்கதை சொல்கிறார். மாணவர் அதனைக் கேட்டு, இக்கதையால் அறியப்படும் நீதி யாது என்ற வினாவிற்கு விடை எழுதுகிறார். விடையில் ஒற்றுப்பிழை இருப்பின் சிவப்பு மை அதனைச் சுழிக்கிறது. அம்மாணவரின் வீட்டில் நேற்றிரவு என்ன நடந்தது என்பது மட்டும் அத்தாளில் எங்கும் இடம்பெறுவதில்லை.

இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர் ஒருவர் போலந்து நாட்டின் வார்சா நகரில் வாழ்ந்தார். மருத்துவராகவும் கதாசிரியராகவும் ஆதரவற்ற பிள்ளைகளின் காப்பாளராகவும் விளங்கிய அவர் யானுஷ் கோர்ச்சாக். துயருற்ற குழந்தைகளுக்குக் கதை ஒரு மருந்து என்று கூறுவோர் பலர். கோர்ச்சாக்கோ கதையை நாடி பார்க்கும் விரலாகக் கொண்டார். மருந்து கொடுப்பதற்கு முன்னர் நாடி பார்க்க வேண்டும் அல்லவா? அவருடைய வரலாற்றை இந்நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் எல்லை.

பறவையின் கல்லறை

ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட் என்பது அவருடைய இயற்பெயர். வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. தந்தையார் பிறப்பை உரிய காலத்தில் பதிவு செய்யாததே இதற்குக் காரணம். ஐந்து வயதில் நிகழ்ந்த ஒன்றனைத் தம் முதுமையில் எழுதிய நாட்குறிப்பில் அவர் நினைவுகூர்கிறார். அவர் வளர்த்த கானரிப் பறவை இறந்துவிட்டது. அதனைப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட விரும்பினார். குடியிருப்பைக் காவல் செய்தவரின் மகன் அதனைத் தடுத்தான். அப்பறவை யூதப் பறவை என்பதும், அதனை வளர்த்த சிறுவனும் யூதன் என்பதும் அவன் கூறிய காரணங்கள். தாம் யாரென்பதை உலகம் எவ்வாறு வகுத்திருக்கிறது என்று அச்சிறுவர் அன்று அறிந்துகொண்டார்.

பறவையின் சாவு பெரியவர்களுக்குச் சிறுசெய்தி. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது ஒரு மனிதரின் உள்ளத்தில் ஆறாமல் இருந்தது. குழந்தையின் துயரத்தை அளக்கப் பெரியவர்களின் அளவுகோல் உதவாது என்னும் உண்மையை அவர் நூல்களில் அன்று, தம் புண்ணிலேயே முதலில் கற்றார். வழக்கறிஞராக இருந்த தந்தையார் மனநோயுற்று 1896இல் மறைந்தார். தனிப்பாடம் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு, பள்ளியில் பயின்றுகொண்டிருந்த மகனைச் சேர்ந்தது. 1898இல் நாடகப் போட்டியொன்றிற்காக, ஒரு போலந்து நாவலிலிருந்து எடுத்துக்கொண்ட யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயரே பின்னர் நிலைத்தது.

1905இல் மருத்துவப் பட்டம் பெற்று, வார்சாவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். ஏழைப் பிள்ளைகளுக்கான கோடை முகாம்களுக்கும் பொறுப்பாளராகச் சென்று, அவ்வனுபவங்களை நூல்களாக எழுதினார். 1912இல் குரோக்மல்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டபோது, மருத்துவமனைப் பணியை விட்டு அதன் தலைமையை ஏற்றார். இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார். கோர்ச்சாக்கின் புகழ்நிழலில் அவர் பெயர் மறைந்துபோவது நேர்மையன்று.

பெட்டியும் பந்தயமும்

இல்லத்தின் தொடக்கக் காலம் இனிதாக அமையவில்லை. ஏறத்தாழ நூறு பிள்ளைகள். வறுமையிலும் இழப்பிலும் வளர்ந்தவர்கள். புதிய ஒழுங்குகளை அவர்கள் எதிர்த்தனர். முதலாண்டு தமக்கு எத்துணைக் கடினமாக இருந்தது என்பதைக் கோர்ச்சாக் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அன்பு இருந்தால் போதும் என்று அவர் கருதவில்லை. அன்பு செயற்படுவதற்குரிய கருவிகளை உருவாக்கினார்.

அவற்றுள் ஒன்று அஞ்சற்பெட்டி. வேலை மிகுந்த வேளையில் ஒரு குழந்தை வந்து ஏதோ சொல்ல முயலும்போது ‘அப்புறம் வா’ என்று அனுப்பிவிடுவது நம் வழக்கம். கோர்ச்சாக் ‘எழுதிப் பெட்டியில் போடு’ என்றார். மாலையில் அச்சீட்டுகளை எடுத்து அமைதியாகப் படித்தார். வாயால் கூற அஞ்சியதும் நாணியதும் தாளில் வந்தன. எழுதும் குழந்தையோ எது உடனே கூறத்தக்கது, எது காத்திருக்கத்தக்கது என்று எண்ணிப் பார்க்கக் கற்றது.

மற்றொன்று பந்தயம். சண்டையிடும் பழக்கமுடைய சிறுவன், இவ்வாரம் இத்தனை முறைக்குமேல் சண்டையிடமாட்டேன் என்று மருத்துவரிடம் பந்தயம் கட்டுவான். அடியோடு விட்டுவிடுவேன் என்னும் வீர வாக்கை அவர் ஊக்குவிப்பதில்லை. எண்ணிக்கை சிறிது சிறிதாகக் குறைந்தால் போதும். வென்றால் இனிப்பு உண்டு. வென்றானா தோற்றானா என்பதைச் சிறுவனே கூறுவான், விசாரணை கிடையாது. ஒரு குழந்தை தன்னைப்பற்றிச் சொல்லும் கதையை அவ்வாறே ஏற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய மதிப்பு! திருடன், பொய்யன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு முதன்முறையாகக் கிடைக்கும் நம்பிக்கை அது.

பிள்ளைகள் நடத்திய நீதிமன்றமும் அங்கு இருந்தது. அவ்வாரம் தம்மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நடுவர்களைத் தெரிந்தனர். சட்டத்தொகுப்பின் பெரும்பகுதி மன்னிப்பதற்கான விதிகளாகவே அமைந்திருந்தது. ஆறு மாதக் காலத்தில் ஐந்து முறை கோர்ச்சாக்கே அம்மன்றத்தின்முன் நின்றார். வழக்கு என்பதும் ஒரு கதையே. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகக் கூறுகின்றனர். அவ்விரண்டையும் பொறுமையுடன் கேட்டபின்னரே தீர்ப்பு.

அரசனும் மந்திரச் சிறுவனும்

இவ்வாறு கேட்டவர் எழுதிய கதைகள் நீதிபோதனையாக அமையாததில் வியப்பில்லை. பழங்கதைகளுள் அவர் விரும்பிச் சொன்னது காலணி அணிந்த பூனையின் கதை. தந்தையின் சொத்தில் கடைசி மகனுக்கு வெறும் பூனை மட்டுமே கிடைக்கிறது. அப்பூனையே அவனை உயர்த்துகிறது. எனக்கென்று ஒன்றுமில்லை, நான் எதற்கும் பயனில்லை என்று எண்ணும் பிள்ளைக்கு அக்கதை என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1920களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘முதலாம் மாச்சுஷ் அரசன்’ அவருடைய புகழ்பெற்ற புதினம். தாயை முன்பே இழந்து, தந்தையும் மறைய, அரியணை ஏறும் சிறுவன் அதன் தலைவன். நூலின் முகப்பில் ஆசிரியர் தம் முதிய தோற்றத்தை வெளியிடாமல், சிறுவயதுப் புகைப்படத்தை வைத்தார். அநாதை ஒருவன் அரசனாவது என்றதும் இன்பமான முடிவை எதிர்பார்ப்போம். மாச்சுஷ் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் அமைக்கிறான். பெரியவர்கள் பள்ளிக்கும், பிள்ளைகள் அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். நாடு குழம்புகிறது. பகைவர் வெல்கின்றனர். கொலைக்களம் வரை கொண்டுசெல்லப்பட்ட சிறுவன் இறுதி நொடியில் தீவுக்கு நாடுகடத்தப்படுகிறான். நல்லெண்ணம் தோற்கவும் கூடும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காத கதை இது. தோல்வியை முன்பே அறிந்த பிள்ளைகளிடம் வெற்றியை மட்டுமே பாடினால், அவர்கள் நம் சொல்லை நம்புவார்களா?

1925இல் வந்த ‘மீண்டும் சிறுவனாகும்போது’ என்னும் நூலில் ஓர் ஆசிரியர் சிறுவனாக மாறி, வகுப்பறையின் சின்னஞ்சிறு அநீதிகளைத் தாமே துய்க்கிறார். குழந்தைகளிடம் பேசக் குனிய வேண்டியிருப்பதால் களைப்படைகிறோம் என்பது பிழை, அவர்களின் உணர்வுயரத்தை எட்ட முடியாமையே களைப்பின் காரணம் என்பது அதன் முன்னுரை தரும் கருத்து. 1930களில் எழுதிய ‘மந்திரச் சிறுவன் கைத்துஷ்’ என்னும் கதையைத் தம்மைத் திருத்திக்கொள்ள இயலாமல் தவிக்கும் துடுக்குப் பிள்ளைகளுக்கு உரிமையாக்கினார். அடங்காப் பிள்ளை என்று நாம் ஒதுக்குபவனைத் திருந்து என்று கடியாமல், திருந்துவது கடினம் என்று ஒப்புக்கொள்வதிலிருந்தே அந்நூல் தொடங்குகிறது.

நம் பிள்ளைத்தமிழை இங்கு எண்ணிப் பார்க்கலாம். குழந்தையை இத்துணைச் சிறப்பாகப் பாடிய இலக்கிய வகையைக் காண்பது அரிது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். ஆனால் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை பேசுவதில்லை. தாயும் செவிலியும் பேசுகின்றனர். சிற்றில் பருவத்தில் சிறுமியர் பேசுகின்றனர். அது அவ்விலக்கிய வகையின் மரபு, குறையன்று. எனினும் குழந்தைக்காகப் பாடுவது வேறு, குழந்தையின் குரலைக் கேட்பது வேறு என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

அக்குரலுக்கே ஒரு மேடையாக 1926 அக்டோபர் 9ஆம் நாள் ‘சிறு பார்வை’ என்னும் பொருள்பட்ட ‘மாவி பிஷெக்லொண்ட்’ இதழைக் கோர்ச்சாக் தொடங்கினார். நாளிதழ் ஒன்றின் வார இணைப்பாக அது வெளிவந்தது. எழுதுவோர் பிள்ளைகளே. எழுதத் தெரியாதவர் நேரில் வந்து சொல்லலாம், எழுதிக்கொள்ள ஆள் உண்டு என்று அறிவித்தார். கையெழுத்தும் பிழையும் தடையாகா. வீட்டுச் சண்டை, வகுப்பில் பட்ட அவமானம், தோழியின் பிரிவு என அனைத்தும் அச்சேறின. போர் மூண்ட 1939 செப்டம்பர் வரை அவ்விதழ் உயிர்வாழ்ந்தது.

சாளரத்தருகே ஒரு சிறுவன்

1940இல் வார்சாவின் யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். குரோக்மல்னா தெரு இல்லமும் இடம்பெயர நேர்ந்தது. பசியும் நோயும் பிணங்களும் தெருவை நிறைத்தன. இல்லத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 200 ஆக உயர்ந்தது. உணவு தேடிக் கதவு கதவாகத் தட்டுவதே முதிய மருத்துவரின் அன்றாடத் தொழிலாயிற்று.

அந்நிலையில், 1942 ஜூலை 18ஆம் நாள், அவ்வில்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் நாட்டு நாடகம். ஓராண்டுக்கு முன் மறைந்திருந்த இரவீந்திரநாத் தாகூர் 1912இல் வங்க மொழியில் வெளியிட்ட ‘அஞ்சலகம்’. நோயுற்ற சிறுவன் அமல் வெளியே செல்லக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருக்கிறார். சாளரத்தருகே அமர்ந்து, தெருவில் செல்வோரிடம் அவன் பேசுகிறான். தயிர் விற்பவர் அவனுக்குத் தயிர் கொடுக்கிறார். தயிர் விற்பதில் எத்துணை இன்பம் உண்டு என்பதைச் சிறுவனிடமிருந்து கற்றுச் செல்கிறார். அரசனிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று அமல் காத்திருக்கிறான். இறுதியில் அரச மருத்துவர் வந்து கதவுகளையும் சாளரங்களையும் திறக்கச் செய்கிறார், சிறுவன் உறங்குகிறான்.

இந்நாடகத்தைத் தேர்ந்தது ஏன் என்று வினவியபோது, மரணத்தை அமைதியாக ஏற்கப் பிள்ளைகள் கற்கட்டும் என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். அவ்விடை உண்மையாயினும் முழுமையன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு அமலின் சாளரம் அயலார் கதையன்று. தம் நிலையை வேறொருவன் பெயரால் பேசுவதற்கு அன்று அவர்களுக்கு ஒரு மொழி கிடைத்தது. நடித்த பிள்ளைகள் மறுநாளும் அவ்வேடங்களிலேயே தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்று கோர்ச்சாக் தம் நாட்குறிப்பில் வியந்திருக்கிறார். நாடகத்திற்குப் பின்னும் பிள்ளைகளை உற்று நோக்கிக்கொண்டிருந்த ஆசிரியரின் வியப்பு அது.

நான்கு நாட்களில், ஜூலை 22இல், மதிலுக்குள் இருந்தோரைத் திரெப்ளிங்கா கொலைமுகாமிற்குக் கொண்டுசெல்லும் பணி தொடங்கிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்துப் பிள்ளைகளின் முறை வந்தது. தப்பிச் செல்ல வந்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு, கோர்ச்சாக்கும் வில்சின்ஸ்கா அம்மையாரும் பிற பணியாளரும் பிள்ளைகளோடு நடந்து சென்றனர். எவரும் திரும்பவில்லை.

போர்க்காலத்தில் மறைத்துக் காக்கப்பெற்ற அந்நாட்குறிப்பு 1958இல் நூலாயிற்று. அதன் கடைசிப் பக்கத்தில், சாளரத்துச் செடிகளுக்கு நீர் ஊற்றியபடி, கீழே துப்பாக்கியுடன் நிற்கும் படைவீரனைக் கோர்ச்சாக் காண்கிறார். இவன் முன்பு ஏதேனும் சிற்றூரில் ஆசிரியனாக இருந்திருப்பானோ என்று எண்ணுகிறார். தம்மைக் கொல்ல வந்தவனுக்கும் ஒரு கதை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம், முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் கதைகளைக் கேட்டதால் வந்தது.

எஞ்சுவது

கதை அப்பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. இதனை மறைத்து எழுதுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாம் கொடுமையாகும். அவ்வாறாயின் கதையால் விளைந்த பயன் யாது? தன் துயரத்தை ஒரு குழந்தை தனியே சுமக்க வேண்டிய நிலை அங்கு இல்லை என்பதே பயன். 1978இல் குழந்தை உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கை வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989இல் அது நிறைவேறியது. 1992இல் இந்தியா அதனை ஏற்றது. தன்னைப்பற்றிய செய்திகளில் தன் கருத்தைக் கூறவும், அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று அவ்வுடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. குரோக்மல்னா தெருவின் அஞ்சற்பெட்டி அதற்குப் பல்லாண்டுகள் மூத்தது.

நம் வட்டத்தில் ஆசிரியர்களும் உள்ளனர். குழந்தைகளுக்காகப் பாடும் கவிஞர்களும் உள்ளனர். இரு சாராரும் செய்யத்தக்க எளிய செயல் ஒன்று உண்டு. அடுத்த கதையைச் சொல்லுமுன், அடுத்த பாடலை எழுதுமுன், ஒரு பிள்ளை எழுதிய தாளைச் சிவப்பு மையை மூடிவைத்துவிட்டு ஒருமுறை படிப்போம். படித்தபின் அப்பிள்ளை மேலும் ஏதேனும் கூற விரும்பினால், அக்கதை முடியும்வரை எழுந்து போகாமல் இருப்போம்.