பனிமலை மடத்து நாய்கள்

சுவிற்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குச் செல்லும் அல்ப்ஸ் கணவாயில், ஏறத்தாழ 2,470 மீற்றர் உயரத்தில், சென் பேணாட் மடம் உள்ளது. பனியிற் சிக்கிய வழிப்போக்கரை மீட்க, அங்குள்ள துறவிகள் பெருநாய்களை வளர்த்தனர். 1800 ஆம் ஆண்டிற் பிறந்த பாரி என்னும் நாய் 40 பேருக்கு மேற்பட்டோரைக் காத்ததென்பர்.

நாய்கள் அருகியபோது, 1830 ஆம் ஆண்டளவில், நியூபவுண்லாந்து இனத்தோடு கலந்தனர். பிறந்த குட்டிகளின் நீண்ட உரோமத்திற் பனி உறைந்தது. மலைப்பணிக்கு அவை உதவவில்லை. துறவிகள் அவற்றைப் பள்ளத்தாக்கு மக்களுக்கு அளித்தனர். அவை வீட்டுநாய்களாயின.

2005 இல் வளர்ப்புப் பொறுப்பு மடத்திடமிருந்து பாரி அறநிலையத்துக்குச் சென்றது. எனினும் துறவிகள் கற்ற பாடம் பழையதன்று. பெருநாய்களை இல்லங்களுக்கென வளர்ப்போர், தோற்றத்தையன்றி உடல்நலத்தையும் குணத்தையுமே நோக்குதல் வேண்டும். நல்ல இல்லம் கிடைக்குமளவே குட்டிகளைப் பெருக்குதல் வேண்டும்.