கருகமணியும் படைப் பதிவேடும்

நாவலூரில் நம் சின்னப் பாட்டியார், பாட்டனாருடைய தம்பியின் மனைவியார், 1983-இல் மௌத்தாகும்வரை கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றவில்லை. அவர்தம் கணவர் 1941-இல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். இந்தியப் படைக்கு உணவும் தளவாடமும் கொண்டு செல்லும் சேவைப் பிரிவில் லாரி ஓட்டுநர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அத்துடன் கடிதமும் நின்றது.

அன்று சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் 40,000-க்கும் மேற்பட்டோர். ஒரு சாரார் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். மறுத்தவருள் பலர் நியூகினி வரை கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்டனர். ஆகவே 1945-இல் போர் ஓய்ந்த பின்னும், "எங்கேனும் இருப்பார்" என்று சொல்ல வீட்டாருக்கு இடமிருந்தது.

இத்தகையவரை ஃபிக்ஹு நூல்கள் மஃப்கூத் என்று அழைக்கும். ஹனஃபி மத்ஹபின் மூலத் தீர்ப்பின்படி, அவருடைய வயதொத்தவர்கள் மறையும்வரை அவர் ஹயாத்துடன் இருப்பவரே. மனைவி மறுமணம் செய்தலாகாது. மாலிகி மத்ஹபிலோ காஜியிடம் முறையிட்டு 4 ஆண்டுகள் காத்திருந்து, பின் இத்தா இருந்தால் போதும். பெண்களின் துயர் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், ஹனஃபியாக இருந்தும், இம் மாலிகித் தீர்ப்பைக் கைக்கொள்ள 1930-களிலேயே வழி வகுத்தார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் 4 ஆண்டு செய்தியற்றிருந்தால் மனைவி நீதிமன்றம் செல்லலாம் என்றது. இவற்றை நம் பாட்டியாரிடம் எவரும் எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. உரைத்திருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு.

தேடப் புகுந்த நாம் முதலில் சென்றது, நமக்கு அணித்தாயுள்ள நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு. அது தென்னிந்தியாவில் பல இடங்களில் அடங்கியோரை ஓரிடத்தில் சேர்த்த மையவாடி. மலாயாவில் மடிந்தோருக்கு அங்கே இடமேது? அவர்களுள் கப்று அறியப்படாதோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியின் நினைவுச் சுவர்களில் உள்ளன. 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அப் பட்டியலை இன்று கணினியில் எவரும் பார்க்கலாம்.

பார்க்கலாம், கண்டுபிடிப்பதுதான் அரிது. அன்னாரின் பெயர் அப்துல் காதிர். அரபியில் அது காஃப் என்னும் அடித்தொண்டை எழுத்து. நம் நா அதைக் காதர் ஆக்கியது. ஆங்கில எழுத்தர்களோ 'கே' என்று ஒருவர், 'சி' என்று ஒருவர், 'கே, எச்' கூட்டி ஒருவர், 'க்யூ' என்று ஒருவர் எழுதினர். அப்துல் சில இடங்களில் தனித்து நின்றது, சில இடங்களில் ஒட்டிக்கொண்டது. தகப்பனார் பெயரே சிப்பாயின் பெயராய் ஏறிய இடமும் உண்டு. இப்படி வரும் பல காதர்களில் நம்மவர் எவர்?

முடிச்சை அவிழ்த்தது பாட்டியாரின் தகரப் பெட்டி. அதிலிருந்த ஒரே கடிதம் அரபுத்தமிழில் எழுதப்பட்டது. அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். (தணிக்கை அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்ன எண்ணினாரோ!) உறையின் மூலையில் படை எண் இருந்தது. பெயர் பல விதமாய்த் திரியும், எண் திரிவதில்லை. அந்த எண்ணுக்கு நேரே தகப்பனார் பெயரும் செங்கல்பட்டு மாவட்டமும் இருந்தன. மௌத்தான நாள் 1942 பிப்ரவரி 15. ஹிஜ்ரி 1361 முஹர்ரம் மாதக் கடைசி.

செய்தி எட்டாவிடினும் கணவர் மௌத்தான நாள் முதற்கொண்டே இத்தா கணக்காகும் என்பது பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. நான்கு மாதம் பத்து நாள் என்று கூட்டிப் பார்த்தோம். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, ஜமாதுல் ஆகிர் பிறை நடந்துகொண்டிருக்கையில், பாட்டியாரின் இத்தா முடிந்திருக்கிறது. அப்போது அவருக்கு வயது 19.